மிச்சம் இருந்த மூன்று சொற்கள்

ஜூலை 27, ஞாயிறு

ஜெயித்துவிட்டோம். சிங்கப்பூர்க்காரர்கள் நன்றாகத்தான் ஆடினார்கள், பாவம். கடைசியில் வரிசையாக ஆறுகளைப் பற்றிக் கேட்டுவிட்டார்கள். ஆறு என்றால் எங்கள் பெரியக்கா ராஜாமணியை யாரும் அசைக்க முடியாது. எந்த ஆறு எங்கே பிறந்து எங்கே கடலில் விழுகிறது என்று சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார்.

இனி இறுதிப் போட்டி. ஆகஸ்ட் பத்து, ஞாயிறு சாயங்காலம். எதிரில் டொரண்டோ அணி. அதன் தலைவி எங்கள் நாத்தனார் கற்பகம்.

இதை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்து ஒரு தடவை சிரித்துக்கொண்டேன்.

கற்பகம் மதினி நான்கு தம்பிகளுக்கு ஒரே அக்கா. கல்யாணமாகிக் கனடா போனவர், வருடா வருடம் டிசம்பரில் மதுரைக்கு வருவார். நான்கு தம்பி வீட்டுக்கும் ஒரு சுற்று உண்டு. வந்ததும் ஃப்ரிட்ஜைத் திறப்பார், அடுத்து பீரோவைத் திறப்பார். பிறகு எங்களைப் பார்த்து, "வீடு, அடுப்படி, சீரியல். இதத் தாண்டி ஒங்களுக்கெல்லாம் என்னம்மா தெரியும்" என்பார். திட்ட மாட்டார், பிரியமாகத்தான் சொல்வார். அதுதான் தாங்க முடியாது.

அதனால்தான் வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் நடத்தும் இந்த இணைய வினாடி வினாவில் நாங்களும் சேர்ந்தோம். மூத்தவர் மனைவி ராஜாமணி, இரண்டாமவர் மனைவி சௌந்தரியாகிய நான், மூன்றாமவர் மனைவி ஜெனிட்டா, கடைக்குட்டியின் மனைவி தமயந்தி. அணிக்கு 'மதுரை மருமகள்கள்' என்று பெயர் வைத்தது தமயந்தி. அப்போது அவள் என்னோடு பேசிக்கொண்டிருந்தாள்.

இப்போதும் அணியில்தான் இருக்கிறாள். போட்டியின்போது அவரவர் வீட்டிலிருந்து ஒரே போன் அழைப்பில் இருப்போம். தமயந்தி பதிலை ஜெனிட்டாவிடம் சொல்வாள். ஜெனிட்டா அதையே திரும்ப என்னிடம் சொல்வாள். நான் என் போனில் அழுத்துவேன். அவள் சொல்வது என் காதிலும் விழும், ஆனால் ஜெனிட்டா சொல்லும்வரை நான் அழுத்த மாட்டேன். இரண்டு கேள்வியில் நேரம் போய்விட்டது. போகட்டும்.

எனக்கு அவள்மேல் ஒரு வருத்தமும் கிடையாது. முன்பெல்லாம் காலையில் பால் காய்ச்சும்போது அவளுக்குப் போன் போடுவேன். இப்போது அந்த வேலை மிச்சம். பால் ஒருநாளும் பொங்கி வழிவதில்லை.

ஜூலை 29, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

வெங்காய பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தேன். கையில் மாவு என்பதால் போனைக் கடலை மாவு டப்பாமேல் சாய்த்துவைத்துப் பழைய கேள்விகளை ஓடவிட்டிருந்தேன். மங்கோலியாவின் தலைநகரம் எது என்று கேட்ட சமயத்தில் கற்பகம் மதினியின் வீடியோ அழைப்பு வந்தது. போன் அதிர்ந்தது. அதிர்ந்துகொண்டே நகர்ந்தது. நான் கையைத் துடைக்கத் துணி தேடினேன். அது சட்டிக்குள் போய்விட்டது.

அடுப்பை அணைத்துவிட்டுச் சாரணிக் கரண்டியால் எடுத்தேன். வடிதட்டில் பஜ்ஜிகளுக்கு நடுவில் கிடந்தது.

கடையிலிருந்து வந்த இவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். டவுன்ஹால் ரோட்டில் கடிகாரக் கடை வைத்திருக்கிறார். ஓடாத சாமான்களைப் பார்த்துப் பழகிய கண். "இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டிருந்தா பொன்னிறமா வந்திருக்கும்" என்றார்.

பஜ்ஜி கொடுக்கவில்லை. அந்த எண்ணெயில் இனி என்ன பஜ்ஜி.

ஜூலை 30, புதன்

புதுப் போன் வாங்கியாயிற்று. பழைய எண், பழைய படங்கள், யார் யாரோ அனுப்பிய காலை வணக்கங்கள் எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தன. நிம்மதியாக வினாடி வினாத் தளத்தைத் திறந்தேன். 'வாலட் மூலம் நுழைக' என்றது. அப்போதுதான் விஷயம் உறைத்தது.

இந்த வாலட் சமாசாரத்தை எழுதிவைக்கிறேன், எனக்கே தெளிவாகும். இந்தத் தளத்தில் பயனர் பெயர் கிடையாது, கடவுச்சொல் கிடையாது, ஓடிபியும் கிடையாது. கிரிப்டோ நாணயம் வைத்திருப்பவர்கள் போனில் வாலட் என்று ஒரு செயலி வைத்திருப்பார்களாம், அதைக் கொண்டு உள்ளே போக வேண்டும். எங்கள் வாலட்டில் ஒரு காசு கிடையாது. பர்ஸ் வாங்கி, பணம் போடாமல், வீட்டுச் சாவியை மட்டும் போட்டுவைத்த மாதிரி. 'நுழைக' என்பதைத் தொட்டால் வாலட் எழுந்துவந்து, கையொப்பம் இடலாமா என்று கேட்கும். சரி என்றால் கதவு திறக்கும். அந்தக் கையொப்பத்தை வைத்துத்தான் நாங்கள் மதுரை மருமகள்கள் என்று தளத்துக்குத் தெரியும். மற்றபடி நாங்கள் யாரோ.

அந்த வாலட்தான் எண்ணெயில் வெந்தது.

புதுப் போனில் அதை மறுபடி வரவழைக்கலாம். முதல் நாள் வாலட் கொடுத்த பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களை அதே வரிசையில் போட வேண்டும். வரிசை மாறினால் வராது. அந்தப் பன்னிரண்டு சொற்களையும் நாங்கள் எங்கே பத்திரப்படுத்தினோம் என்றால், நான்கு மண்டைக்குள்.

ஜெனிட்டா அப்போதே சொன்னாள். சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்க்கிறவள், இதெல்லாம் தெரிந்தவள். "பேப்பர்ல எழுதிப் பீரோவுல பூட்டி வச்சிருங்கக்கா" என்றாள். உடனே பெரியக்கா, "பீரோவா? கற்பகம் வந்தா மொதல்ல அதத்தானடி தொறப்பா" என்றார். அதற்குமேல் யார் பேச முடியும். ஆளுக்கு மூன்று சொல் மனப்பாடம் செய்வது என்று முடிவானது. ஒருவர் சொல்லை ஒருவர் கேட்கக் கூடாது. புருஷன்மாரிடம் மூச்சு விடக் கூடாது, என்ன இருந்தாலும் அவர்கள் கற்பகத்தின் தம்பிகள். நாங்கள் மூன்று பேரும் மீனாட்சிமேல் சத்தியம் செய்தோம், ஜெனிட்டா வேளாங்கண்ணி மாதாமேல் செய்தாள்.

என் மூன்று சொல்லும் எனக்குத் தெரியும். தினமும் சாமி கும்பிட்டு முடித்ததும் ஒரு தடவை சொல்லிக்கொள்வேன். இங்கே எழுத மாட்டேன், சத்தியம் சத்தியம்தான்.

ஜூலை 31, வியாழன்

போட்டி நடத்தும் பிள்ளைகளுக்கு நிலைமையை விளக்கி மின்னஞ்சல் போட்டேன். பஜ்ஜி விஷயத்தைச் சொல்லவில்லை, 'வெப்பத்தால் பழுது' என்று எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது. 'அம்மா, உங்கள் சாவி உங்களிடம் மட்டுமே இருக்கிறது. எங்களிடம் மாற்றுச் சாவி இல்லை. இறுதிப் போட்டியில் அதே வாலட்டுடன் வரும் அணிக்கே அனுமதி. வாழ்த்துகள்.'

வாழ்த்துகளாம்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஜெனிட்டாவிடம் பேசினேன்.

"ரீசெட்லாம் கெடையாதுக்கா. நாலு பேரும் ஒரே எடத்துல ஒக்காந்து அவங்கவங்க வார்த்தையப் போட்டாத்தான் உண்டு."

"நாலு பேருமா?"

"நாலு பேருந்தான். மூணு பேரு வச்சுக்கிட்டு ஒம்போது வார்த்தைல ஒண்ணும் பண்ண முடியாது."

"அப்ப நீ அவகிட்ட சொல்லு."

"எவகிட்ட?"

"தெரியாத மாதிரி கேக்காத."

"தமயந்தி அக்காகிட்ட நீங்களே பேசுங்கக்கா. போட்டியில பதிலத் தூக்கிட்டு ஓடுறதே எனக்கு மூச்சு வாங்குது" என்று வைத்துவிட்டாள்.

நான் ஏன் பேச வேண்டும்? நடந்ததை எழுதுகிறேன், படிக்கிறவர்களே சொல்லட்டும். வைகாசியில் ஜெனிட்டா புது ஃபிளாட்டுக்குப் பால் காய்ச்சினாள். ஐயரும் வந்தார், பாதிரியாரும் வந்தார். கூடத்தில் ஐந்து முகக் குத்துவிளக்கு. முதல் முகம் ஜெனிட்டா ஏற்றினாள், அடுத்து அவள் அம்மா, அடுத்து பெரியக்கா. சரி. நான்காவது, தமயந்தி. நான் இரண்டாவது மருமகள், அவள் நான்காவது. அதையும் விடலாம். ஐந்தாவது முகம் மிச்சம் இருந்ததே, மெழுகுவர்த்தி அவள் கையில்தானே இருந்தது, அதை யாரிடம் கொடுத்தாள் தெரியுமா? பில்டர் மனைவியிடம். பில்டர் மனைவி எங்கள் வீட்டுக்கு என்ன முறை?

நான் அடுப்படியிலிருந்து வெளியே வந்து பார்த்தபோது ஐந்து முகமும் எரிந்துகொண்டிருந்தது. அழகாகத்தான் இருந்தது. நான் சாப்பிட்டேன் என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. எலுமிச்சை, தேங்காய், புளியோதரை, தயிர். தமயந்திக்கு என் புளியோதரை பிடிக்கும். பழக்கதோஷத்தில் ஒரு தூக்கு கூடுதலாகிவிட்டது. திருநகரிலிருந்து வந்த பெரியக்காவிடம் கொடுத்தனுப்பினேன், மிச்சமானது வீணாகக் கூடாது என்பதற்காக.

பெரியக்கா சாயங்காலம் போன் செய்தார். "தூக்க வாங்கி அங்கனயே தொறந்து தின்னா. நல்லா இருந்துச்சான்னு கேட்டேன், உப்பு ஒரு கல்லு கம்மின்னா."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னா. 'சௌந்தரி அக்கா நேர்ல கூப்பிட்டா வர்றேன்'னா. நேர்லன்னு ரெண்டு தரம் சொன்னா."

உப்பு சரியாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 4, திங்கள்

இவர் தன் அக்காவிடம் உளறிவிட்டார். 'அவங்களுக்கு என்னமோ சாவி தொலைஞ்சு போச்சாம்' என்று போனில் சொன்னது எனக்குக் கேட்டது. நான் முறைத்ததும், "சாவின்னுதான் சொன்னேன், வேற ஒண்ணும் சொல்லல. அது சரி, கிரிப்டோல எவ்வளவு போட்ட?" என்றார். ஒன்றும் போடவில்லை என்று இதோடு எத்தனையாவது தடவை சொல்வது. காசில்லாத பர்ஸுக்கு நான்கு பேர் காவல் என்பது அவருக்குப் பிடிபடவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் கற்பகம் மதினியே கூப்பிட்டார். இந்தத் தடவை போன் மேசைமேல் இருந்தது.

"பரவால்ல சௌந்தரி. நீங்கள்லாம் இவ்வளவு தூரம் வந்ததே பெரிய விஷயம். மனச விட்டுராத. நாங்க சும்மாவே கோப்பைய வாங்கிக்கிறோம், என்ன."

"நாங்க வந்துருவோம் மதினி" என்றேன்.

எதை நம்பிச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஆனால் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அய்யர் பங்களா வரை போய் வந்தேன். எல்லீஸ் நகரிலிருந்து பெரியார் நிலையம் போய், அங்கே பஸ் மாறி, நல்ல வெயில். அந்தப் பக்கம் புதினா நன்றாக இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். இரண்டு கட்டு வாங்கினேன்.

தமயந்தி வீடு அந்த வழியில்தான் இருக்கிறது. மாடியில் நான் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த மாம்பழக் கலர் சேலை காய்ந்துகொண்டிருந்தது. கேட் பூட்டவில்லை.

வெயிலில் தலை வலித்தது, வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

புதினாத் துவையல். "இதுக்கா அங்குட்டு வரைக்கும் போன" என்றார். இன்னொரு கரண்டி வைத்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலையில் பால் வாங்கி உள்ளே வருகிறேன், மறுபடி அழைப்பு மணி அடித்தது. தமயந்தி நின்றுகொண்டிருந்தாள். வெறும் கையோடு வரவில்லை, பெரியக்கா கொண்டுபோன என் தூக்கு கையில் இருந்தது.

உள்ளே வா என்று சொல்வதற்குள் அவளே ஆரம்பித்தாள். "செவ்வாக்கெழம எங்க வீட்டு கேட்டுகிட்ட வந்து நின்னீங்களாக்கா?"

"புதினா வாங்க வந்தேன்."

"எங்க தெருவுல புதினா விக்க ஆளே கெடையாது."

"பஸ் ஸ்டாப்புல வாங்குனேன்."

"அன்னைக்கு லீவு போட்டிருந்தேன். மாடியில துணி எடுக்கப் போனேன், பாத்தேன். எறங்கி ஓடியாறதுக்குள்ள பஸ் ஏறிட்டீங்க." தூக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "என்னக் கூப்பிடத்தான வந்தீங்க?"

நான் பால் பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டு, "ஆமா" என்றேன்.

"அப்ப சனிக்கெழம வர்றேன்" என்றாள். காபி குடிக்காமல் போய்விட்டாள், வேலைக்கு நேரமாகிறதாம். வனத்துறை அலுவலகத்தில் அவளுக்கு வேலை. தூக்கைத் திறந்தால் உள்ளே உளுந்து வடை. குத்துவிளக்கைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வடையில் உப்பு சரியாக இருந்தது, குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

நிறைய எழுத வேண்டும்.

மத்தியானம் நான்கு பேரும் என் வீட்டுக் கூடத்தில் கூடினோம். இவரைக் கடைக்கு அனுப்பிவிட்டேன். மேசை நடுவில் புதுப் போன், அதில் பன்னிரண்டு காலிக் கட்டங்கள். ஒருவர் தன் மூன்று சொல்லைப் போடும்போது மற்ற மூவரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள வேண்டும். பெரியக்கா ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லித்தான் தொடுவார். நாங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு காதையும் பொத்திக்கொண்டோம்.

சரி, என்ன வரிசை? யாருக்கு முதல் மூன்று சொல், யாருக்கு அடுத்தது? 'வரிசைப்படிதானே கொடுத்தோம்' என்று நான்கு பேரும் ஒரே குரலில் சொன்னோம். எந்த வரிசை என்று கேட்டதும் நான்கு குரலும் நான்கு பக்கம் போய்விட்டன.

"இதுல என்னடி சந்தேகம்? புருஷன்மாரு வரிசதான். நான், சௌந்தரி, ஜெனிட்டா, தமயந்தி" என்றார் பெரியக்கா.

அப்படியே போட்டோம். வாலட் திறந்தது. பெரியக்கா கையைத் தட்டி, "வரிசன்னா வரிசதான்" என்றார். ஜெனிட்டா தளத்துக்குப் போய்க் கையொப்பம் வைத்தாள். 'புதிய உறுப்பினரே, வருக. உங்கள் அணிக்குப் பெயர் சூட்டுங்கள்' என்று வந்தது.

"இது என்ன, நம்மளத் தெரியாதுங்குது" என்றேன்.

ஜெனிட்டா தலையில் கை வைத்தாள். "சில சமயம் தப்பான வரிசையும் ஒரு வாலட்டத் தொறந்துரும்க்கா. பொருந்துற மாதிரி அமைஞ்சு போச்சு. இது நம்ம வாலட் இல்ல. கதவு தொறந்துச்சு, ஆனா வேற வீடு."

பெரியக்கா தட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்து, யார் முதலில் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தார்கள் என்ற வரிசை. இதில் ஒரு சிக்கல். ஜெனிட்டாவின் காதல் கல்யாணம் என் கல்யாணத்துக்கு முன்னாலேயே ரிஜிஸ்டர் ஆபீஸில் முடிந்துவிட்டது, ஆனால் மாமியார் அவளை வீட்டுக்குள் அழைத்தது என் கல்யாணத்துக்குப் பிறகு. எந்தத் தேதியை எடுப்பது? "கையெழுத்துப் போட்ட தேதிதான் செல்லும்" என்றாள் ஜெனிட்டா. "ஆரத்தி எடுத்த தேதிதான்" என்றார் பெரியக்கா. ஆரத்தித் தேதியை எடுத்தால் பழையபடி புருஷன்மார் வரிசைதான் வரும், அதை ஏற்கெனவே பார்த்தாயிற்று. கையெழுத்துத் தேதியைப் போட்டோம். வாலட் திறக்கவே இல்லை.

அப்புறம் வயது வரிசை. தமயந்தி கல்யாணம் தாமதமாக நடந்தது, அவளும் நானும் ஒரே வருஷம் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். என்ன மாதம் என்று ஜெனிட்டா கேட்டாள். மாதமெல்லாம் யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். ஆதார் அட்டையைப் பார்க்கலாம் என்றாள். பீரோவில் இருக்கிறது, சாவியைக் காணவில்லை என்றேன். சாவி இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது. தமயந்தியை எனக்கு முன்னால் வைத்துப் பார்க்கச் சொன்னேன், இல்லை என்றது. என்னை முன்னால் வைத்துப் பார்க்கலாமா என்று ஜெனிட்டா கேட்டாள். நான் பஜ்ஜி போடப் போகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

கூடத்தில் ஜெனிட்டா எல்லா விதமான வரிசையையும் ஒரு தாளில் கட்டம் போட்டு எழுத ஆரம்பித்தாள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் எப்படியும் வந்துவிடுமாம். "ஒவ்வொரு தரமும் செவுத்தப் பாக்கணுமா?" என்று பெரியக்கா கேட்டது காதில் விழுந்தது. நான் அடுப்படியில் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தேன். சிம்னியைப் போட்டேன்.

தமயந்தி வந்து பின்னால் நின்றாள். பிறகு சிம்னியை நிறுத்தினாள்.

"அக்கா, அன்னைக்கும் வாழக்கா பஜ்ஜிதான போட்டீங்க?"

"என்னைக்கு?"

"வார்த்தையப் பிரிச்ச அன்னைக்கு. எனக்கு மறந்துரும்னு நாந்தான் அவசரப்பட்டு மொத மூணையும் வாங்கிக்கிட்டேன். ஜெனிட்டா வாசிச்சுக்கிட்டே அடுத்த மூண எடுத்துக்கிட்டா. பெரியக்காவுக்குத் திருநகர் பஸ் கெடைக்கல, பாதியிலதான் வந்தாங்க."

"நான்?"

"நீங்க இங்கனயேதான் நின்னீங்க. ஜெனிட்டா வந்து, ஒங்களுக்கு எந்த மூணுக்கான்னு கேட்டா. 'எனக்கு மிச்சம் இருக்கிறதக் குடுங்கடி, போதும்'னீங்க. எல்லாருக்கும் பஜ்ஜி வச்சுட்டு, கடைசியாத்தான் வந்து கேட்டுக்கிட்டீங்க."

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அன்று மழை. தமயந்தி தன் மூன்று சொல்லை மறந்துவிடாமல் முணுமுணுத்துக்கொண்டே என் வாயில் ஒரு பஜ்ஜியை ஊட்டினாள், நாக்கு சுட்டுவிட்டது. நான்கு பேரும் அப்படிச் சிரித்தோம். யார் முதல், யார் கடைசி என்று ஒருத்தி மனதிலும் இல்லை. என் மனதிலும்தான்.

அவள் விடவில்லை. "வெளக்கு ஏத்துன அன்னைக்கும் இதே கததான். மெழுகுவர்த்தியக் கையில புடிச்சுக்கிட்டு அடுப்படி வாசல்ல வந்து கூப்பிட்டேன். 'பால் பொங்கப் போகுது, நீங்க ஏத்துங்கடி'ன்னீங்க. மறுபடி கூப்பிட்டேன், கைய வீசுனீங்க. மெழுகு எங்கையில சொட்டிக்கிட்டே இருந்துச்சு. ஐயரு நேரமாச்சுன்னாரு. பக்கத்துல நின்னது பில்டர் பொண்டாட்டி. நான் என்னக்கா செய்ய?"

"அப்படியா சொன்னேன்?"

"சொல்லிட்டு, அதோட பேசறதையும் நிப்பாட்டிட்டீங்க."

"அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"போன எடுத்தாத்தான சொல்றதுக்கு."

ஜெனிட்டா வீட்டுச் சிம்னி இதைவிடச் சத்தம். அங்கே யார் என்ன சொன்னார்கள் என்று இப்போது எப்படித் தெரியும். ஆனால் 'நீங்க ஏத்துங்கடி' என்பது என் பேச்சுதான், அதில் சந்தேகமில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. நறுக்கியது வாழைக்காய், வெங்காயம்கூட இல்லை, வேறு காரணம் சொல்ல வழியில்லை. தமயந்தி என் கையிலிருந்த சாரணியை வாங்கிக் கருகப் போன பஜ்ஜியைத் திருப்பிப் போட்டாள்.

கூடத்துக்கு வந்து வரிசையைச் சொன்னோம். தமயந்தி, ஜெனிட்டா, பெரியக்கா, நான். ஜெனிட்டா பேனாவைக் கீழே போட்டாள். "கட்டத்துல இது ரொம்பக் கீழ இருக்கு. கடைக்குட்டிய மொதல்ல வைக்கலாம்னு எனக்குத் தோணவே இல்ல" என்றாள்.

ஒவ்வொருவராகப் போட்டோம். என் முறை கடைசியில் வந்தது. மூன்று சொல்லையும் போட்டேன். யாரும் சுவரைப் பார்க்கவில்லை, எல்லாரும் என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையொப்பம் கேட்டது. தமயந்தி என் விரலைப் பிடித்து அழுத்தினாள்.

'மதுரை மருமகள்கள், மீண்டும் வருக.'

பெரியக்கா திரையை ஒரு தடவை படித்தார். "நான் மூணாவதாவா இருந்தேன்?" என்றார்.

"பஸ் லேட்டுக்கா" என்றாள் தமயந்தி.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இந்தத் தடவை நான்கு பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஆடினோம். இவர், தான் நடுநிலை என்று சொல்லி நாற்காலியைக் கூடத்தின் நடுவில் போட்டுக்கொண்டார். டொரண்டோ அணி பதில் சொல்லும்போது அவர் தலை ஆடியதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மதினி சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரர். கடைசிக் கேள்விவரை சமமாகவே வந்தோம். தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சி எது என்று கேட்டார்கள். தமயந்தி என் பக்கம் திரும்பி, "தமிழ் மறவன்க்கா" என்றாள். நேராக என்னிடம் சொன்னாள். நான் ஜெனிட்டாவுக்குக் காத்திருக்கவில்லை, அழுத்திவிட்டேன். டொரண்டோவில் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் வீட்டில் எழுந்த சத்தத்துக்கு எதிர்வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டார்கள்.

மதினி கூப்பிட்டார். முகம் கொஞ்சம் வாடியிருந்தது, ஆனாலும் சிரித்தார். "யாரும்மா அந்த வண்ணத்துப்பூச்சியச் சொன்னது?"

"நாங்கதான் மதினி" என்று நான்கு பேரும் சொன்னோம்.

"நல்லா இருங்க. டிசம்பர்ல வர்றேன், கோப்பைய எடுத்து வெளிய வைங்க. பீரோவுல பூட்டிறாதீங்க."

அது போதும் எனக்கு.

கிளம்புவதற்கு முன் ஜெனிட்டா பிடித்துக்கொண்டாள். நேற்று எல்லார் சொல்லையும் எல்லாரும் பார்த்துவிட்டோம், பெரியக்காவுடையது தெருவுக்கே தெரியும், அதனால் புது வாலட் போட்டு அணியை அதற்கு மாற்றிவிட வேண்டுமாம். இந்தத் தடவை தாளில் எழுதலாம் என்றாள். "டிசம்பர்ல யாரு வர்றா?" என்று பெரியக்கா கேட்டார். மறுபடி நான்கு மண்டை என்று முடிவானது.

"யாருக்கு மொதல்ல?" என்று கேட்டாள் ஜெனிட்டா.

நான் அடுப்படியில் காபிக்குப் பால் வைத்திருந்தேன். "எனக்கு மிச்சம்…" என்று வாயெடுப்பதற்குள் தமயந்தி வந்து அடுப்பை அணைத்தாள். என் கையைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்துவந்து சோபாவில் உட்காரவைத்து, "இவங்களுக்கு" என்றாள். பெரியக்கா தலையாட்டினார். ஜெனிட்டா என் காதுக்கருகில் குனிந்து புது மூன்று சொல்லைச் சொன்னாள். தமயந்தி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், என் கையை இன்னும் விடவில்லை.

இப்போது எழுத உட்கார்ந்து யோசிக்கிறேன். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. தமயந்தி காதில் விழுந்திருக்கும். காலையில் போன் போட்டுக் கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பால் பொங்கி அடுப்பு மேடை எல்லாம் வழிந்துவிட்டது. போனில் இருந்தேன், கவனிக்கவில்லை. துடைத்துக்கொள்ளலாம்.